லிவர்பூலில் போட்ட நாத்தனார் முடிச்சு

1

சென்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சம்பந்தி அம்மாள் மிஸஸ் கெல்லி, குழந்தை இயேசுவின் சுரூபம் ஒன்றை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்து தோட்டத்து வேலியடியில் நிறுத்தினார். "இனி மழை வராது" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அவருடைய மகள் மோரீனுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தச் சுரூபத்தை வெளியே வைத்தால் வானம் வெளுத்துவிடும் என்பது அயர்லாந்துக்காரர்களின் நம்பிக்கை. மிஸஸ் கெல்லியின் தாய் தகப்பன் அயர்லாந்திலிருந்து லிவர்பூலுக்கு வந்தவர்கள்.

திருச்சியில் மழை வேண்டும் என்றுதான் மாதாவை வீதிக்கு எடுப்போம். இங்கே மழை வேண்டாம் என்று எடுக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் புவியியல் வாத்தியார். திருச்சியிலும் அதுதான் தொழில், இங்கேயும் அதுதான். பண்பாடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போகிறது என்பதை வகுப்பில் படம் போட்டு, அம்புக்குறி போட்டுச் சொல்லிக்கொடுப்பேன். வேலியடியில் நின்ற அந்தச் சுரூபத்தைப் பார்த்ததும் அம்புக்குறிகள்தான் நினைவுக்கு வந்தன. ஸ்பெயினில் உருவாகி, ப்ராக் நகரத்தில் பெயர் வாங்கி, அயர்லாந்தில் மழை நிறுத்தும் உத்தியோகத்தில் அமர்ந்து, பிழைக்க வந்தவர்களோடு கப்பலேறி இங்கே வந்து முட்செடி ஓரம் நிற்கிறது. யாரும் அதை அந்நியம் என்று சொல்வதில்லை.

என் மனைவி செசிலிக்கு மழையைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு வேறு இரண்டு கவலை. அவளுடைய தம்பி, திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கி அனுப்பியிருந்த விரலி மஞ்சளைக் கோகோ டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அது குறைந்துகொண்டே வந்தது. சமையலுக்குத் தூள்தான் போடுகிறாள். தன் தாலிக் கயிற்றுக்குப் பூச மாத்திரம் விரலி மஞ்சள்.

"ஏங்க, எலி மஞ்சள் தின்னுமா?" என்று இந்த வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கவலையை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். எங்கள் மகள் ஸ்டெல்லாவின் கழுத்தில் தாலி இன்னும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது என்றாள்.

2

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி பாலக்கரையை விட்டு வந்தோம். ஸ்டெல்லா அப்போது இரட்டைச் சடை போட்ட சிறுமி. கப்பலிலிருந்து இறங்கியதும் முதலில் பழக்கமானது வரிசையில் நிற்பது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஓர் அதிகாரி உட்கார்ந்து என் பெயரைப் பார்த்து யோசிப்பார். அருளப்பன் என்பது என் பெயரா, என் குடும்பப் பெயரா என்று கேட்பார். என் பெயர்தான் என்றால், அப்படியானால் குடும்பப் பெயர் என்ன என்பார். கடைசியில் என் பெயரே குடும்பத்துக்கும் பெயராகிவிட்டது. செசிலி மிஸஸ் அருளப்பன் ஆனாள். புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண், பால்காரனிடம் தினமும் அதைச் சொல்லும்படி ஆயிற்று.

கல்வி அலுவலகத்தில் இன்னொரு கூத்து. இங்கிலாந்தின் புவியியல் எனக்குத் தெரியுமா என்று சந்தேகப்பட்டார்கள். நான் திருச்சியில் வருஷக் கணக்காகப் பையன்களை மிரட்டி இங்கிலாந்தின் நிலக்கரி வயல்களை வரையவைத்தவன். காவிரிக்குத் துணை நதி எது என்று கேட்டால் விழிப்பார்கள், மெர்சி நதி எங்கே கடலில் விழுகிறது என்றால் கடகடவென்று சொல்வார்கள். அந்த அதிகாரியும் மெர்சி நதியைத்தான் கேட்டார். அவருடைய ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் காகிதம் நகர மாதங்கள் ஆயின. வேலை கிடைத்ததும் என்னைப் பருவக்காற்று நாடுகளைப் பற்றிப் பாடம் நடத்தச் சொன்னார்கள்.

தெருமுனையில் புகையிலைக் கடை வைத்திருந்த கிழவர் எந்த ஊர் என்று விசாரித்தார். திருச்சினாப்பள்ளி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அது நல்ல சுருட்டு, என் தகப்பனார் அதைத்தான் குடிப்பார் என்றார். அந்தப் பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உறையூரில் சுருட்டு சுற்றியவர்களின் கை இந்தத் தெருவரைக்கும் எட்டியிருக்கிறது. ஊர் மட்டும் வந்து சேரவில்லை.

ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோது ஊரே வந்துவிட்டது போலிருந்தது. அப்போது பூசை எல்லா இடத்திலும் லத்தீனில்தான். பாலக்கரையில் கேட்ட அதே வார்த்தைகள், அதே இடத்தில் மணி, அதே சாம்பிராணி வாசனை. செசிலி முக்காட்டுக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் மனநிறைவோடு வெளியே வந்து பார்த்தால், வாசலில் விட்டிருந்த எங்கள் செருப்பையும் பூட்ஸையும் காணோம்.

கோயிலுக்குள் செருப்போடு போவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? பாலக்கரையில் மாதா கோயில் வாசலில் செருப்பு மலை போல் கிடக்கும். இங்கே எங்கள் மூன்று ஜோடி மட்டும் தனியாக இருந்ததைப் பார்த்த ஒரு பெண்மணி, யாரோ புண்ணியவான் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து எடுத்துப் போய்விட்டார். ஈரத் தெருவில் காலுறையோடு வீட்டுக்கு நடந்தோம். ஸ்டெல்லா வழி முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். மறுநாள் அந்தப் பெண்மணி செருப்புகளையும், தன் கையால் செய்த ஒரு கேக்கையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர்தான் மிஸஸ் கெல்லி.

3

திருச்சிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு நெருங்கிய சிநேகிதர் ரங்கராஜன். கணக்கு வாத்தியார், என் வயசுதான், ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. சாயங்காலம் இரண்டு பேரும் மலைக்கோட்டைப் பக்கமிருந்து சைக்கிளில் கிளம்பி, காவிரிப் பாலம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்போம். பேசுவதற்காகத்தான். அவர் நாமம் போட்டவர், நான் கழுத்தில் சிலுவை போட்டவன். போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் எங்கள் பாலக்கரைத் திருவிழாத் தேரைப் பார்த்துவிட்டு வந்தவர் பாலத்தில் ஆரம்பித்தார்.

"ஓய் அருளப்பன், நீங்கள்ளாம் மாதாவைத் தேர்ல ஏத்தி, பூ ஜோடிச்சு, வீதி சுத்தி வரேளே, அந்த யோசனை எங்காத்திலேர்ந்து எடுத்துண்டது. ஒத்துக்கறீரா?"

"ஒத்துக்கிறேன் சார். உங்க பெருமாள் ரொட்டி சாப்பிடுறாரே, அது எங்கேர்ந்து எடுத்தது?"

"சாப்பிடறார்னு சொல்லப்படாது. அமுது செய்தருள்றார்."

"சரி, அமுது செய்யட்டும். எங்கேர்ந்து வந்துது?"

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியார் சன்னிதி இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பெருமாள்மேல் பிரியம் வைத்து டில்லியிலிருந்து பின்னாலேயே வந்துவிட்ட ஒரு சுல்தான் வீட்டுப் பெண் என்பார்கள். அந்தப் பெண்ணுக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் உண்டு, கைலி கட்டிக்கொள்ளும் நாளும் உண்டு. அதே கோயில் மடப்பள்ளியில் மிளகாய் இன்றுவரை நுழையவில்லை. காரத்துக்கு மிளகுதான். மிளகாய் கடல் தாண்டி வந்த சரக்கு என்பதால் வாசலோடு நின்றுவிட்டது.

"ரொட்டியும் வெளியூர், மிளகாயும் வெளியூர். ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே. உங்க பாடத்துல இதுக்கு என்ன ஓய் விதி?" என்றார் ரங்கராஜன்.

"எங்க பாடத்துல இவ்வளவு சிக்கல் இல்லை சார்."

"நான் சொல்றேன். யாரோட வந்ததுன்னு பாக்கணும். மிளகாய் கப்பல்காரனோட வந்துது. ரொட்டி ஒரு பொண்ணோட வந்துது. பொண்ணு கொண்டு வந்ததை வேண்டாம்னு சொல்ல பெருமாளுக்கே தைரியம் போறலே."

அவர் வீட்டில் முதல் தடவை எனக்குக் காபி வந்த தம்ளர் வேறு. அது எனக்கும் தெரியும், நான் கவனித்தது அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச காலத்தில் தம்ளர்கள் ஒன்றாகிவிட்டன. அவருடைய மனைவி எப்போது அதை மாற்றினார் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பது இதுதான்: பழக்கங்கள் சில, அவற்றைச் சுமக்கிற ஆட்களோடு இடம்பெயரும். சில, பக்கத்து வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒட்டிக்கொள்ளும். சில, மேலே உள்ளவர்களிடமிருந்து படிப்படியாக இறங்கும். திருச்சியில் காபி அப்படித்தான் கலெக்டர் பங்களாவிலிருந்து வக்கீல் வீட்டுக்கும், வக்கீல் வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்கும் இறங்கியது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிடலாம். ரங்கராஜன் கேட்ட கேள்விக்குக் கரும்பலகையில் இடம் இல்லை.

4

ஸ்டெல்லா வளர்ந்த விதம் இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. பள்ளிக்கூடத்தில் தலையில் எண்ணெய் வாசனை என்று தோழிகள் மூக்கைப் பிடித்தார்கள். சடை போயிற்று. அப்புறம் எண்ணெய் போயிற்று. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அன்பில்லை என்று இல்லை. திரும்பிப் பார்க்கப்படாமல் தெருவில் நடக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. காலுறையோடு நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் மறக்கவே இல்லை.

அவளும் மிஸஸ் கெல்லியின் மகன் மைக்கேலும் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னபோது எங்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நல்ல பையன். துறைமுகத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவன். செசிலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மோதிரம் போடட்டும், கேக் வெட்டட்டும், எது வேணாலும் செய்யட்டும். தாலி கட்டணும். தாலி இல்லாம எம் பொண்ண நான் அனுப்ப மாட்டேன்."

ஸ்டெல்லா முடியாது என்றாள். அது இந்துக்களுடைய வழக்கம், கத்தோலிக்க வழக்கம் இல்லை என்றாள். அத்தனை பேர் முன்னால் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்றாள். இரண்டாவது காரணம்தான் காரணம்.

செசிலி அழவில்லை, சத்தமும் போடவில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தன் தாலியை எடுத்துக் காட்டினாள். அதில் சிலுவையும் புறாவும் இருக்கும். "இதுல எது இந்துடி?" என்று கேட்டாள். ஸ்டெல்லா மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பல நாள் சாப்பாட்டு மேஜையில் உப்பை எடு, ரொட்டியை எடு என்பதைத் தவிரப் பேச்சில்லை.

நான் எங்கள் கோயிலின் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். கல்யாண மோதிரமே ரோமாபுரியில் கிறிஸ்தவர் அல்லாதவர்களிடமிருந்து வந்ததுதான் என்று தொடங்கி ஒரு முழு வகுப்பு நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், பிஷப்புக்கு எழுதுகிறேன், பதில் வரட்டும் என்றார். மேலிருந்து இறங்கவேண்டிய உத்தரவு இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் கல்யாண ஓலையையோ கோயிலில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

5

ஒருநாள் மிஸஸ் கெல்லி டீ குடிக்க வந்தார். பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு முன் வந்து பேசுவது எங்கேயும் உண்டு போலிருக்கிறது. செசிலியின் ஆங்கிலம் அப்போதும் கடைக்குப் போய்வரும் அளவுதான். ஆனால் அந்த அம்மாளோடு பேச அவளுக்கு என்றைக்குமே மொழி போதாமல் போனதில்லை. தாலியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மிஸஸ் கெல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிலுவையைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். முதல் முடிச்சு இவர் என்று என்னைக் காட்டிய செசிலி, மற்ற இரண்டு முடிச்சும் இவர் தங்கச்சி, நாத்தனார் போடுகிற முடிச்சு என்று விரலால் முடிச்சுப் போட்டுக் காட்டினாள். நான் மொழிபெயர்த்தேன்.

"அப்படியானால் எங்கள் வீட்டில் மோரீன்தானே போட வேண்டும்?" என்றார் மிஸஸ் கெல்லி.

ஆமாம் என்றேன்.

"அவளுக்கு அதற்கு என்ன தருவீர்கள்?"

"பட்டுச் சேலை" என்றாள் செசிலி, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல்.

காரியம் அங்கேயே முடிந்துவிட்டது. மிஸஸ் கெல்லி அந்தப் பங்கின் மாதர் சங்கத் தலைவி. கோயில் பூ, கோயில் துணி, சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சாமியாரிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. பிஷப்புக்கு எழுதவேண்டிய அவசியம் இல்லை, கட்டுவதற்கு முன் தாலியை மந்திரித்துக் கொடுக்கிறேன் என்று சாமியார் எனக்குச் சொல்லி அனுப்பினார். சமையலறையிலிருந்தும் உத்தரவுகள் மேலே ஏறும் என்று பாடப்புத்தகத்தில் சேர்க்கவேண்டும்.

ஸ்டெல்லா சம்மதித்தாள். அம்மாவுக்காக என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோயிலில் மைக்கேல் முதல் முடிச்சை ஒழுங்காகப் போட்டான். மோரீன் அரக்குப் பட்டுச் சேலையைத் தோளில் போர்த்திக்கொண்டு பின்னால் நின்று இரண்டு முடிச்சை அழுத்தி இறுக்கினாள். ஸ்டெல்லா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வெளியே வந்து போட்டோவுக்கு நிற்பதற்குள் தாலி கழுத்துப்பட்டிக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து அது வெளியே வந்து நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு தெரு தள்ளி வீடு. சனிக்கிழமை தவறாமல் வருவாள், சமையலறையில் அம்மாவுக்கு உதவுவாள், எப்போதும் கழுத்தை மூடிய சட்டை. கயிறு இத்தனை நாளில் நைந்திருக்கும், கழற்றி வைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். செசிலியும் அப்படித்தான் நினைத்தாள். அதனால்தான் கேட்கப் பயந்தாள்.

6

இந்த வசந்தத்தில் மோரீன் திடுமென்று எங்கள் வீட்டுக்கு வந்து, "எனக்கும் அது வேண்டும்" என்றாள். எது என்று எங்களுக்குப் புரியவில்லை. தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கும் தாமஸ் என்ற பையனோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடலாம், இன்னொருத்தி கையால் போட்ட முடிச்சை அப்படி எளிதில் அவிழ்க்க முடியாது, அது எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

சாமியார் இந்தத் தடவை நிஜமாகவே திகைத்துப்போனார். நீ இந்தியப் பெண் இல்லையே என்று கேட்டாராம். குழந்தை இயேசுவும் அயர்லாந்துக்காரர் இல்லையே, எங்கள் வேலியடியில் நிற்கவில்லையா என்று மோரீன் கேட்டாளாம். ரங்கராஜன் இங்கே இருந்திருந்தால் அவளுக்குக் கணக்கில் முழு மார்க் போட்டிருப்பார்.

இப்போது பூசை இங்கே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது, பாலக்கரையில் தமிழுக்கு. இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்த வார்த்தைகள் போய்விட்டனவே என்று எனக்குக் குறைதான். அந்தக் குறையோடு இருந்தபோதுதான் மோரீன் வந்து தாலி கேட்டாள். குறை பாதி தீர்ந்தது.

செசிலியின் தம்பி திருச்சியிலிருந்து தாலி செய்து அனுப்பினான். ஆனால் ஒரு சிக்கல். தாமஸுக்கு அக்கா தங்கை கிடையாது, எல்லாம் ஆண்பிள்ளைகள். நாத்தனார் முடிச்சை யார் போடுவது என்று செசிலி சனிக்கிழமை சமையலறையில் யோசித்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா தலையைத் தூக்காமல் சொன்னாள், தமிழில்.

"நான் போடுறேம்மா."

"நீ பொண்ணு வீட்டுக்காரியாச்சேடி. முறை இல்லையே."

"முறை பாத்தா மோரீனுக்குத் தாலியே கிடையாதேம்மா."

செசிலி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

7

சனிக்கிழமை மழை பெய்யவில்லை. மிஸஸ் கெல்லி எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாமஸ் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலகினான். ஸ்டெல்லா மோரீனுக்குப் பின்னால் போய் நின்று, அவள் முக்காட்டை விலக்கிவிட்டுக் குனிந்தாள். முதல் வரிசையில் இருந்த தாமஸின் அத்தை, அது என்ன கயிறு என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லாவுக்கு முகம் சிவப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் செசிலியின் கை என் கையைப் பிடித்தது.

ஸ்டெல்லா இரண்டு முடிச்சையும் நிதானமாகப் போட்டு முடித்தாள். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, கழுத்துப் பித்தானைக் கழற்றி, உள்ளேயிருந்து தன் தாலியை எடுத்துச் சட்டைக்கு மேலே விட்டுக்கொண்டாள். "இதுதான்" என்றாள். கயிறு பளிச்சென்று புது மஞ்சளாக இருந்தது. கழுத்துப்பட்டியின் உள்பக்கம் முழுக்க மஞ்சள் கறை. ஒரு நாள் கறை இல்லை. விருந்து முடிந்து கிளம்பும்வரை அவள் அதை உள்ளே போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செசிலி சேலைகூட மாற்றாமல் சமையலறைக்குப் போனாள். கோகோ டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஏங்க, எலி எதுன்னு தெரிஞ்சு போச்சு" என்றாள்.

டப்பாவில் மிச்சமிருந்த மஞ்சளை மேஜையில் கொட்டி, பழைய செய்தித்தாளில் இரண்டு பொட்டலமாகக் கட்டினாள். ஒன்று ஸ்டெல்லாவுக்கு, ஒன்று மோரீனுக்கு.